மாங்காய் காணாத கத்திகள்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இதழ் அச்சுக்குப் போய்விட்டது. எல்லோரும் தேநீருக்காகக் காத்திருந்தபோது நம் நெடுநாள் சந்தாதாரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் முப்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு, ஓய்வுபெற்றுத் திருச்சிக்குத் திரும்பியவர். கடிதத்தில் பல வருடப் பழக்கம்; முகம் பார்த்தது அன்றுதான். பாயைப் போலச் சுருட்டி நாடாவால் கட்டிய ஒரு தோல் விரிப்பைக் கொண்டுவந்திருந்தார். அதை என் மேசைமேல் அவிழ்த்து விரித்தார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள், பைக்கு ஒரு மடக்குக்கத்தி.

“மொத்தம் 24 இருக்கு சார். இதுல நான் வெட்டறதுக்கு எடுத்தது ரெண்டே ரெண்டுதான். மீதியெல்லாம் வாங்கி வெச்சது, துடைச்சு வெச்சது. ஏன் சேர்க்கறேன்னு எனக்கே பிடிபடலை. கத்திகளும் வரவர எனக்குப் புரியாத மாதிரிதான் வருது. நீங்க ஒருதடவை இதைப் பத்தி எழுதணும்.”

அவர் கேட்டதற்காகவே இந்தப் பக்கம்.

முதலில் அவர் என் கையில் கொடுத்தது கேஸ் என்ற நிறுவனத்தின் கத்தி. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் செய்வது. எலும்புப் பிடி, இரண்டு அலகுகள். அலகின் ஓரத்தில் நகம் நுழைய ஒரு கீறல். அதில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். பாதி வழியில் அலகு ஒருகணம் நின்றது, பிறகு ‘டக்’கென்று முழுதாக நிமிர்ந்தது. மடக்கும்போதும் அதே மாதிரி ஒரு நிறுத்தம், அதே ‘டக்’. பிடிக்குள் ஓடும் முதுகு ஸ்பிரிங் அலகின் அடிக்கட்டையை அழுத்திப் பிடிப்பதால் வரும் ஓசை இது. கத்திக்காரர்கள் இதைக் கத்தியின் ‘நடையும் பேச்சும்’ என்பார்களாம். கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் கேட்டே வேலைப்பாடு நல்லதா மட்டமா என்று சொல்லிவிடுவார்கள் என்றார். நான் நாலைந்து முறை திறந்து மூடினேன். கீழே வைக்க மனம் வரவில்லை என்பது உண்மை.

அலகின் அடியில் 6254 என்று ஓர் எண். அதையும் அவரே படித்துக் காட்டினார்: 6 என்றால் சொரசொரப்பாகச் செதுக்கிய எலும்புப் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்பது ‘டிராப்பர்’ என்ற வடிவத்தின் எண். நிறுவனத்தின் பெயருக்குக் கீழே சில புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு ஒரு கதை உண்டு. 1970-ல் கேஸ் நிறுவனம் தன் கத்திகளில் பத்துப் புள்ளிகள் குத்தத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்த ஆண்டு எட்டு என்று வருடத்துக்கு ஒரு புள்ளி குறைந்துகொண்டே வந்தது. எந்தக் கத்தி எந்த ஆண்டில் பிறந்தது என்று யாரும் எண்ணிச் சொல்லிவிடலாம். அதுவரை மளிகைக் கடையிலும் இரும்புக் கடையிலும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கருவி, தபால்தலையைப் போல ஆண்டுவாரியாகச் சேர்க்க வேண்டிய பொருளாகிவிட்டது. பத்துப் புள்ளிக் கத்தி கிடைத்தவருக்கு ஒன்பது புள்ளியும் வேண்டும். ஒன்பது கிடைத்தால் எட்டு. 1981-ல் கேஸ் கத்தி சேர்ப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது.

நான் புரிந்துகொள்ளத் திணறியது அடுத்த விஷயத்தை. இப்படிச் சேர்க்கும் கத்தியில் சாணைக்கல் ஒருமுறை பட்டால்கூட விலை இறங்கிவிடும். தீட்டிய தடம் தெரிந்தால் அது ‘உபயோகித்த கத்தி’. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, எதையும் வெட்டாமல், எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்ததற்குத்தான் முழு விலை.

இந்த இடத்தில் நம் புரூஃப் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 74 வயது. இன்றும் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தால்தான் படிப்பார், பென்சிலால்தான் திருத்துவார். அந்தப் பென்சிலைச் சீவ அவரிடம் ஒரு பேனாக்கத்தி இருக்கிறது. எழுபதுகளில் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கியது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தே போயிற்று, கத்தி இருக்கிறது. பெயர் பொறித்த இடம் என்றோ தேய்ந்து அழிந்துவிட்டதால் எந்த ஊர்க் கத்தி என்று சொல்ல முடியாது. தீட்டித் தீட்டி அலகு பாதி அகலத்துக்கு வந்து, ஒரு பக்கமாக வளைந்து, வேப்பிலை மாதிரி இருக்கும். விரிப்பைச் சுற்றி நாங்கள் நிற்பதைப் பார்த்து அவரும் எழுந்து வந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர், டைட்டானியப் பிடி போட்ட பெரிய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“தம்பி, இது எதை வெட்டும்?”

“எதையும் வெட்டும்யா. ரொம்பக் கடினமான எஃகு. நான் உபயோகிச்ச ரெண்டுல இது ஒண்ணு.”

அந்த நேரம் பார்த்து, தேநீர் கொண்டுவரும் பெண் ஒரு கிளிமூக்கு மாங்காயும், உப்பு கலந்த மிளகாய்த்தூளும் கொண்டுவந்து வைத்தாள். நண்பர் தம் கத்தியை விரித்து மாங்காயில் இறக்கினார். கூர் நன்றாகத்தான் இருந்தது, தோலில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் பாதி ஆழம் போனதும் ‘சடக்’கென்று மாங்காய் தானாகப் பிளந்து, ஒரு பெரிய துண்டு கொட்டையோடு ஒட்டிக்கொண்டு தெறித்தது. ஐயா தம் வேப்பிலைக் கத்தியை எடுத்தார். வேட்டித் தலைப்பில் ஒருமுறை துடைத்துக்கொண்டு சீவத் தொடங்கினார். கீற்று கீற்றாக விழுந்தது. ஒரு கீற்றைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. நண்பர் இரண்டு கத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறியாளர் அல்லவா!

விஷயம் எளிது. அவருடைய கத்தியின் முதுகு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், பின்னால் வரும் தடிமன் ஆப்பு வைத்தது போலப் பொருளைப் பிளந்துகொண்டுதான் போகும். பிரான்ஸின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியின் முதுகு, 8-ஆம் எண் அளவில், 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்ட மலைநாட்டுக் குடியானவனுக்கு அது போதும். இன்றைய கத்தி விளம்பரங்கள் எஃகின் பெயரைத்தான் பெரிதாகப் போடுகின்றன. 2001-ல் எஸ்30வி வந்தது, 2021-ல் மேக்னாகட் வந்தது. இரண்டும் அருமையான எஃகுகள், கூர் நெடுநாள் நிற்கும், எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் ஒரு பொருளை நறுக்குவதில் எஃகின் பெயரைவிட அலகின் மெலிவுக்குப் பங்கு அதிகம் என்பதைச் சமையலறையில் நிற்கும் எவரும் அறிவார். அதனால்தான் சட்டைப்பைக் கத்தி ஏன் வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டு போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அதை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைத்தானே பிரிக்கிறார்கள்?

நண்பரிடமே கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு விபத்து நடக்குது, காருக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு, பெல்ட்டை அறுக்கணும், கதவை நெம்பணும். அப்படி ஒரு நாள் வரும்னு நெனச்சுத்தான் வாங்கினேன். வரலை. வராததுக்கு சந்தோஷம்தான்.” அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வராத ஆபத்துக்காக நாம் வீட்டில் வைத்திருக்கும் பொருள்கள் எத்தனையோ. அந்த ஒரு நாளை நினைத்துச் செய்த கத்தி, மற்ற நாளெல்லாம் மாங்காயைப் பிளக்கிறது.

வேறு சில விசித்திரங்களுக்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் எதுவும் சொல்லாமல் ஒருவர் வெளியே எடுத்துச் செல்லக்கூடியது மடங்கும் கத்தி மட்டும். வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. விரித்தால் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வராது. ஜெர்மனியில் 2008-ல் வந்த திருத்தம், ஒரே கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்திகளைத் தக்க காரணமின்றிக் கொண்டுசெல்லத் தடை விதித்தது. நூறு வகைப் பூட்டுகள் கண்டுபிடித்த காலத்தில் பூட்டே இல்லாத நவீன கத்திகளும், விரலுக்கு அகப்படும் குமிழைக் கழற்றிவிட்ட கத்திகளும் கடைக்கு வந்தது இதனால்தான். அமெரிக்காவில் 1958-ல் வந்த சட்டம், பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கில் சீறி விரியும் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் அந்த வேகத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. அலகின் பின்னால் ஒரு சிறு வால் வைத்து, சுழலும் இடத்தில் குண்டு பேரிங் போட்டு, ஆட்காட்டி விரலின் ஒரு தட்டில் விரியும்படி செய்துவிட்டார்கள். இன்று பலர் அந்தத் தட்டலுக்காகவே வாங்குகிறார்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே விரிப்பதும் மடக்குவதுமாக இருப்பார்களாம்.

சட்டைப்பைக் கிளிப்பின் கதையும் எனக்குப் பிடித்திருந்தது. 1981-ல் கொலராடோவின் ஸ்பைடர்கோ நிறுவனம் ‘வொர்க்கர்’ என்ற கத்தியைக் கொண்டுவந்தது. பையின் அடியில் சாவியோடும் சில்லறையோடும் கிடந்த கத்தியை, பேனாவைப் போலப் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள அதில் ஒரு கிளிப். அலகில் ஒரு வட்டத் துளை; அதில் கட்டைவிரலை வைத்து ஒரு கையாலேயே விரிக்கலாம். மற்றொரு கையில் கயிற்றையோ கிளையையோ பிடித்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! கத்தி வடிவமைப்பில் உபயோகம் கருதி நடந்த கடைசிப் பெரிய மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் விரிப்பது, மடக்குவது, பூட்டுவது, காட்டுவது ஆகிய நான்கையும் சுற்றியே நடந்திருக்கின்றன. கிளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கத்தி வெளியே தெரிய மாட்டினார்கள். இப்போது கத்தி முழுவதும் பைக்குள் மறைய வேண்டும், கிளிப் மட்டும் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நண்பரின் விரிப்பில் மிக விலையுயர்ந்தது ஒரு செபென்சா. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கியது. இன்று 400 டாலருக்கு மேல். டைட்டானியப் பிடியின் ஒரு பக்கமே சற்று நகர்ந்து வந்து அலகைத் தாங்கிப் பூட்டும். அத்தனை பாகங்களும் ரோமம் நுழையாத நெருக்கத்தில் பொருந்தியிருக்கும். ‘செபென்சா’ என்றால் ஜூலு மொழியில் வேலை என்று பொருள். அதைச் சொல்லும்போது நண்பரின் குரல் தணிந்தது. வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறதாம். ஒரு தபால் உறையைக்கூட அது பிரித்ததில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் வீடுகளில் ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று அதைத் தொடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். விடிந்தால் விஜயதசமி, பொட்டு காயும் முன்னே அது கத்தரிக்காய் நறுக்க வந்துவிடும். நண்பரின் செபென்சாவுக்குப் பதினோரு வருடமாக ஆயுத பூஜை நடக்கிறது. கும்பிடும் கை அன்புள்ள கைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கத்திக்கு ஒரு விஜயதசமி வர வேண்டும் என்றுதான் என் மனம் ஆசைப்பட்டது.

காட்டுவதற்காகக் கத்தி செய்வது புதிய பழக்கமும் இல்லை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு, ஷெஃபீல்டின் ஜோசப் ராஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து அனுப்பியது. நார்ஃபோக் கத்தி என்று பெயர். இன்றும் ஷெஃபீல்டில் இருக்கிறது. பின்னாளில் சுவிட்சர்லாந்தின் வெங்கர் நிறுவனம் 87 கருவிகளைச் சேர்த்து ஒரே கத்தியாக்கியது. எந்தச் சட்டைப்பைக்கும் அது அடங்காது. தொழிலாளியின் கைத்திறனுக்கு அவை சாட்சி என்று ஒதுக்கிவிடலாம். கடையில் விற்கும் சாதாரணக் கத்திகளும் காட்சிப் பொருளாவதுதான் இன்றைய புதுமை.

இன்னும் இரண்டு போக்குகள் நம் வீட்டுப் பக்கமே வந்து நிற்கின்றன. ஒன்று, செயற்கையாக ஏற்றும் கறை. வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மனை கறுத்துப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கார்பன் எஃகில் புளிப்பும் துவர்ப்பும் பட்டால் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஏறும்; வருடக்கணக்கில் ஏறிய அந்தப் படலம் கெட்ட துருவையும் ஓரளவு தடுக்கும். இப்போது புதுக் கத்தியை வாங்கியதும் வினிகரில் ஊறவைத்தும், கடுகு விழுதைப் புள்ளி புள்ளியாகத் தடவியும் ஒரே இரவில் அந்தப் பழமையை வரவழைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலைகளே அலகைக் கூழாங்கற்களோடு உருட்டி, உழைத்துத் தேய்ந்த தோற்றத்தோடு விற்கின்றன. உழைக்காத கத்திக்கு உழைத்த முகம்! இது எனக்கு வருத்தம் தருகிறது, மறைக்க விரும்பவில்லை. அம்மாவின் அரிவாள்மனையில் ஏறிய கறுப்பில் எத்தனை ஆயிரம் வேளைச் சாப்பாடு இருக்கிறது!

மற்றொன்று டமாஸ்கஸ். நீரோட்டம் போல வரிகள் ஓடும் அலகுகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி ஒட்டி, மடித்து அடித்துச் செய்தவை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு வேறு. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசையில் உருக்கிக் கட்டியாகக் கடல் கடந்த உருக்கு. வெள்ளைக்காரர்கள் ‘வூட்ஸ்’ என்று எழுதியது அதைத்தான். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். லண்டன் ஸ்ட்ராண்டில் கடை வைத்திருந்த கத்திக் கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், பியர்சனுக்காக அந்த உருக்கில் ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். அதன் தரத்தில் மயங்கி, இந்திய எஃகில் செய்த கருவிகள் என்று தம் கடையில் விளம்பரமே செய்தார். பின்னாளில் மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவரும் அவர்தான். நம் உருக்கு ஐரோப்பிய விஞ்ஞானிகள் கையில் போரிட எழுந்த வாளாகப் போகாமல், இறகுப் பேனா சீவும் ஒரு சிறு கத்தியாகப் போய் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

சேகரிப்பவர்களை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் தலைமுறைகளாகக் கத்தி செய்த இம்பீரியல் ஷ்ரேட் 2004-லும் கமிலஸ் 2007-லும் மூடப்பட்டன. அதே காலத்தில், 2006-ல், பென்சில்வேனியாவின் டிடஸ்வில் என்ற சிற்றூரில் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற பட்டறை தொடங்கியது. பெரும்பாலும் பூட்டில்லாத, நகத்தால் விரிக்கும் பழைய வடிவங்களைச் சிறுசிறு தொகுதியாகச் செய்கிறார்கள். அந்தக் கைவேலை பிழைத்துக் கிடப்பது பெரும்பாலும் சேர்ப்பவர்களின் பணத்தால்தான். ஷெஃபீல்டில் ஸ்டான் ஷா 1941-ல் பையனாக வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் ஒற்றை ஆளாக மடக்குக்கத்திகள் செய்துகொண்டே தொண்ணூறைத் தாண்டி, 2021-ல் மறைந்தார். அவர் வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இல்லையென்றால், அவருடைய விரல்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனொகாமியும் அப்படித்தான். மடித்த தகட்டுப் பிடி, ஒற்றை அலகு, பெருவிரலால் அழுத்தும் ஒரு வால், அவ்வளவுதான். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி. 1960-ல் அரசியல் தலைவர் அசனுமா மேடையில் குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கூரான எதுவும் கூடாது என்று நாடெங்கும் இயக்கம் நடந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தப் பெயரை முறைப்படி பொறிக்கும் பட்டறை இன்று ஒன்றே ஒன்று. அதை வாழவைப்பவர்களில் கடல் கடந்த சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.

2024-ல் வந்த ஒரு செய்தியும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1884-லிருந்து கத்தி செய்யும் சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸ், கத்தியே இல்லாத சட்டைப்பைக் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக அறிவித்தது. பல நாடுகளில் சட்டம் இறுகிவருவது காரணம். நியாயமான காரணம்தான், கத்திக்குத்தில் பிள்ளையை இழந்த வீட்டார் முன்னால் நின்று வேறு எதுவும் பேச முடியாது. ஆனாலும் பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் பழகிய விரல்கள், கூரான ஒன்றை மரியாதையோடு கையாளவும் பழகியிருந்தன. அடுத்த தலைமுறை அதை எங்கே கற்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

அன்று நண்பர் கிளம்ப ஏழு மணி ஆகிவிட்டது. விரிப்பைச் சுருட்டும்போது, உபயோகித்த இரண்டில் மற்றதை, அந்த 8-ஆம் எண் ஒப்பினெல்லை, மட்டும் வெளியே எடுத்து வைத்தார். கார்பன் எஃகு அலகு, பீச் மரப்பிடி, கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம்.

“இது இங்கேயே இருக்கட்டும்யா. உங்க பேனாக்கத்திக்கும் ஓய்வு வேணும்ல.”

ஐயா வாங்கி, கட்டைவிரலின் குறுக்கே வாயைத் தடவிப் பார்த்தார். “முதுகு மெல்லிசா இருக்கு தம்பி. நல்ல கத்தி,” என்றார். மறுநாளே வீட்டிலிருந்து சாணைக்கல் கொண்டுவந்து தீட்டிவிட்டார்.

இப்போது அது தேநீர் மேசையில் இருக்கிறது. மூன்று வாரத்தில் மாங்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் பட்டு, அலகு நுனியிலிருந்து பாதி வரை மழைமேக நிறத்துக்கு வந்துவிட்டது. ஈரத்தோடு யாரோ வைத்துவிட்டதில் ஒருநாள் அடியில் லேசாகத் துரு கண்டது. ஐயா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்தார். அன்றிலிருந்து மேசைக்கு மேலே சுவரில், தேநீர் கொண்டுவரும் பெண்ணின் கையெழுத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: ‘நறுக்கினதும் துடைச்சு வைக்கவும்.’

அன்புடன்,
ஆசிரியர்